தகரத்துக்குள் இரண்டு வால்வுகள்

"இந்த ஆம்ப்ளிஃபயர மேடையில ஏத்த மாட்டேங்கறாங்க டீச்சர்."

சொன்னவர் தணிகாசலம். ஐம்பதைத் தாண்டிய கிட்டார்காரர். கல்யாண வரவேற்புகளில் வாசிக்கும் ஒரு மெல்லிசைக் குழுவில் பல வருடங்களாக இருக்கிறார்.

கேட்டுக்கொண்டிருந்தவர் ரெஜினா. முப்பத்தைந்து வயது இருக்கும். பெரம்பூரில் ஒரு மொட்டைமாடி அறையில், பல்பு மாதிரி எரியும் கண்ணாடி வால்வுகளை வைத்து, கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர் கட்டுகிறவர். கட்டவும் கற்றுக்கொடுக்கிறவர்.

சிஷ்யர் குருவை டீச்சர் என்பார். குரு சிஷ்யரை சார் என்பார். இதில் அவர்கள் இருவருக்கும் சங்கடம் எதுவும் இல்லை. பார்க்கிறவர்களுக்குத்தான் இருந்தது.

"ஏனாம்?"

"டிவி வால்வாம்."

அது உண்மைதான். பழைய கறுப்பு வெள்ளை டிவிக்குள் படத்தைத் திரை முழுக்க விரித்துக் காட்ட ஒரு தடித்த வால்வு இருக்கும். தலையில் உலோகத் தொப்பி, தொப்பியில் ஒரு வயர். அதைக் கொண்டுபோய் யாரும் கிட்டாருக்கு வைப்பதில்லை. கிட்டாருக்கென்று பேர்போன வால்வுகள் வேறு இருக்கின்றன. ஊர் உலகமே அவற்றைத்தான் வைக்கிறது.

தணிகாசலம் தான் கட்டிய ஆம்ப்ளிஃபயரில் டிவி வால்வை வைத்தார். ஒரு மழைக்காலம் முழுக்க டிரான்ஸ்ஃபார்மரைப் பிரித்துப் பிரித்துச் சுற்றினார். வீட்டில் ஃபியூஸ் போகாத நாள் குறைவு. கடைசியில் ஒரு மத்தியானம் அது சரியாகப் பாடியது. கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு அவர் அழுதார்.

"யாரு ஏத்த மாட்டேங்கறது?"

"வேதநாயகம் அண்ணன். குழு அவரோடது. டிவி வால்வ வச்சிக்கினு என் மேடைக்கு வராதன்னுட்டாரு. ஒழுங்கான வால்வு போடு, இல்லாட்டி உன் எடத்துக்கு வேற ஆளு இருக்கான்றாரு."

"சத்தத்தக் கேட்டாரா?"

"கேக்கவே இல்ல. பார்த்தாரு."

ரெஜினா சால்டரிங் அயர்னை எடுத்து ஈயத்தை உருக்கத் தொடங்கினார்.

"நான் இன்னா பண்றது, சொல்லுங்க டீச்சர்."

"நல்லா பாடுதா?"

"என் கையில இப்படி ஒரு சத்தம் வந்ததே இல்ல."

"அப்புறம் என்ன சார்?"

ரெஜினா மறுபடி ஈயத்தின் மேல் குனிந்தார். புகைதான் வந்தது.

தணிகாசலத்துக்கு எரிச்சல். இந்த அம்மாவுக்கு என்ன, மேடையா, குழுவா என்று முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினார்.

அடுத்த வாரம் சிரித்துக்கொண்டே ஏறி வந்தார். கையில் அதே ஆம்ப்ளிஃபயர். ஆனால் முகம் மாறியிருந்தது. ஆம்ப்ளிஃபயரின் முகம்.

வயரைச் செருகி ஸ்விட்சைப் போட்டதும், முன்பக்கம் பேர்போன வால்வுகள் இரண்டு, ஜம்மென்று செக்கச் சிவந்து எரிந்தன. பின்னால் ஒரு தகர மூடி.

"இது ரெண்டும் செத்த வால்வு டீச்சர். உள்ள இழை மட்டும் எரியும். சத்தம் இதுங்க பக்கமே போவாது. வேலை பார்க்கறது நம்ம ஆளுங்கதான், தகரத்துக்குள்ள."

"அவர் பார்த்தாரா?"

"பார்த்தாரு! கேட்டாரு! இதான்யா வால்வுன்னாரு. அந்த டிவி வால்வுல இந்த சத்தம் வருமாயான்னு என்னையே கேக்கறாரு. ஞாயித்துக்கெழம என்னை முன்னாடி நின்னு வாசிக்கச் சொல்லிட்டாரு."

தொடையைத் தட்டிச் சிரித்தார்.

ரெஜினா சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. தகர மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தார். சட்டென்று எடுத்து உதறினார்.

"மூச்சு முட்டுது சார்."

"ஓட்டை போட்டுடறேன் டீச்சர்."

"அதுக்குப் போடுவீங்க. உங்களுக்கு எங்க போடுவீங்க?"

தணிகாசலத்தின் சிரிப்பு நின்றது. புரியாத மாதிரி வயரைச் சுருட்டினார். புரிந்திருந்தது.

ஞாயிறு சாயங்காலம், கல்யாண மண்டபம். மாப்பிள்ளையும் பெண்ணும் இன்னும் மேடைக்கு வரவில்லை. குழு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. ரெஜினா முன்வரிசையில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தார்.

தணிகாசலம் ஒரு முறை மீட்டினார். பந்திக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பி வந்து நின்றார்கள்.

வேதநாயகத்துக்குப் பெருமை தாங்கவில்லை. வந்திருந்த வேறொரு குழுக்காரரின் தோளில் கை போட்டு இழுத்து வந்து, எரிகிற வால்வுகளைக் காட்டினார்.

"பாரு. இதுதான் சரக்கு. இந்தாளு டிவிக் குப்பையத் தூக்கிட்டு வந்தான்யா. தூக்கிப் போடுன்னேன். போட்டான். இப்ப எப்படிக் கேக்குது பாரு."

குப்பை.

தணிகாசலத்துக்குக் காது சுட்டது. வேதநாயகத்தின் மேல்தான் கோபம் என்று முதலில் நினைத்தார். அந்தத் தகர மூடியை அளந்து வெட்டி மாட்டியது யார் என்பது அடுத்த நொடி ஞாபகம் வந்தது. கோபம் வெட்கமானது.

ரெஜினாவைப் பார்த்தார். அவர் கடலைத் தோலை ஊதிக்கொண்டிருந்தார்.

தணிகாசலம் கம்பிகளை ஓங்கி ஒரு மீட்டு மீட்டினார். சத்தம் மண்டபம் முழுக்கப் பரவி நின்றது.

அது அடங்குவதற்குள் கைக்குட்டையால் முன் வால்வு ஒன்றைப் பிடித்துப் பிடுங்கினார்.

சத்தம் நிற்கவில்லை.

இன்னொன்றையும் பிடுங்கினார். இரண்டையும் வேதநாயகத்தின் காலடியில் வைத்தார். மறுபடி மீட்டினார். அதே சத்தம், துளி குறையவில்லை.

"யோவ், இன்னாய்யா இது?"

தணிகாசலம் ஸ்விட்சை அணைத்தார். திருகுகளைக் கழற்றினார். தகர மூடியைத் தூக்கி ஓரமாக வீசினார். அது தரையில் சுழன்று அடங்கியது.

தொப்பி போட்ட இரண்டு தடித்த வால்வுகள் நின்றன. அவர் ஸ்விட்சைப் போட்டார். மெல்ல மெல்ல அவை சிவந்தன.

"டிவி வால்வு அண்ணே."

"நான் உன்கிட்ட இன்னா சொன்னேன்?"

"மேடையில ஏத்த மாட்டேன்னு சொன்னீங்க."

"அப்புறம்?"

"ஏறிடுச்சு."

அந்த வேறு குழுக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். வேதநாயகத்தின் முகம் கறுத்தது.

"பொட்டிய எடுத்துக்கினு எறங்கு. இனிமே எனக்கு நீ வேணாம். இப்பவே எறங்கு."

தணிகாசலம் ஆம்ப்ளிஃபயர் பக்கம் குனிந்தார். அணைக்கப் போகிறார் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

வால்யூமைக் கூட்டினார்.