அரண்மனைப் பிணை

மருதவளநாட்டை ஆண்ட கடம்பதேவர் தங்கமான மனிதர். ஆனால் யாராவது தமிழில் பிசகினால் மட்டும் பொறுக்க மாட்டார். தோட்டத்தில் ஆசையாக வளர்த்த மானை யாராவது 'பெண்மான்' என்று சொல்லிவிட்டால் போதும், முகம் சுளிப்பார். "ஆண் என்றால் கலை, பெண் என்றால் பிணை. அழகான சொல் இருக்கும்போது ஏனய்யா சுற்றி வளைக்கிறீர்கள்?" என்பார். அதனால் தோட்டக்காரர் முதல் தளபதி வரை எல்லோரும் அதைப் பிணை என்றே அழைத்தார்கள். அந்தப் பிணைக்கும் ஒரு பிடிவாதம் உண்டு. தலைமைச் சமையல்காரர் அங்கமுத்து கையால் கொடுத்தால்தான் கீரை தின்னும்.

ஒருநாள் ராஜாவின் வெள்ளிக் கரண்டியைக் காணவில்லை. பழி அங்கமுத்து தலையில் விழுந்தது. மனிதரைச் சிறையில் போட்டுவிட்டார்கள். (கரண்டி பாயச அண்டாவின் அடியிலேயே கிடந்தது. அது பல நாள் கழித்து அண்டாவைக் கழுவியபோதுதான் தெரிந்தது. அரண்மனையில் அண்டா கழுவுகிற லட்சணம் அப்படி.) நீதிபதியோ காசிக்குப் போயிருந்தார். அவர் திரும்பி வந்துதான் விசாரணை. அங்கமுத்து மகளுக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம். அப்பன் சிறையில் இருந்தால் தாலி கட்ட மாட்டோம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள்.

விசாரணை வரை வெளியே இருக்க வேண்டுமானால் யாராவது பிணை நின்று ராஜாவிடம் பணம் கட்ட வேண்டும். குறித்த நாளில் ஆள் வந்து நின்றால் பணம் திரும்பும், வராவிட்டால் போனதுதான். கையில் பணமில்லாதவர்களுக்காகக் கோட்டை வாசலில் பிணைக்கடை இருந்தது. கடைக்காரர் பணத்தைக் கட்டுவார், அதில் பத்தில் ஒரு பங்கைக் கூலியாக வாங்கிக்கொள்வார். குற்றமற்றவர் என்று தீர்ப்பானாலும் கூலி திரும்பி வராது. முன்பு அப்படி நிறையக் கடைகள் இருந்தன. இப்போது மிஞ்சியது வயிரவன் கடை ஒன்றுதான். வயிரவன் கருவூலத் தலைவர் தாண்டவராயரின் மைத்துனன். மற்றக் கடைகள் ஏன் மூடின என்று ஊருக்குத் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை.

அங்கமுத்துவின் மனைவி செங்கமலத்திடம் அந்த வயிரவன் கூலியோடு வீட்டையும் எழுதித் தரும்படி கேட்டான். அவள் நேரே அரசவை விகடகவி ஆதிமூலத்திடம் போய் நின்றாள்.

"ஐயா, இருக்கிறது அந்த ஒரு வீடுதான். எழுதிக் குடுத்தாத்தான் அவர் வெளிய வருவாராம். குடுக்கலாமா?"

ஆதிமூலத்துக்கு நெஞ்சு கனத்துவிட்டது. அங்கமுத்து வைக்கும் மோர்க்குழம்பின் மேல் அவருக்குத் தனிப் பாசமும் உண்டு. "கடையைப் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது, அம்மா" என்று சொல்லிவிட்டுத் தானே கிளம்பினார்.

இதுவரை யார் யாருக்குப் பிணை நின்றாய், அவர்கள் எல்லாம் திரும்பி வந்தார்களா என்று வயிரவனைக் கேட்டார். அவன் வெற்றிலையை மென்றான். ஆள் சரியாக வந்துவிட்டால் வீட்டுப் பத்திரம் திரும்பக் கிடைக்குமா என்றார். இன்னும் கொஞ்சம் மென்றான். சரி, ராஜாவிடம் கட்டுகிற பணமாவது இருக்கிறதா என்றார். அதற்கு மட்டும் வயிரவன் பெருமையாக ஒரு பையைத் தூக்கிக் காட்டினான். பையின் வாயில் மீன்முள் முடிச்சு போட்டிருந்தது. நாட்டில் அந்த முடிச்சைப் போடுவது கருவூலத்தில் மட்டும்தான். ஆதிமூலம் வெளியே வந்தார். பந்தல் வேலையைப் பாருங்கள், வீட்டை யாருக்கும் எழுத வேண்டாம் என்று செங்கமலத்துக்குச் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் சபையில் ஆதிமூலம் அங்கமுத்துவுக்காகப் பேசினார். ராஜா மடக்கினார். "சட்டம் சட்டம்தான். நான் ஒப்புக்கொள்கிற பிணை ஒன்று வந்து இங்கே நிற்கட்டும். விட்டுவிடுகிறேன்."

"நிற்கும், மகாராஜா" என்று வெளியே போனவர் மானை ஓட்டிக்கொண்டு உள்ளே வந்தார். பளிங்குத் தரையில் அதற்குக் கால் வழுக்கியது. சபை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

"இது என்ன?" என்றார் ராஜா.

"தாங்கள்தான் சொல்லிக் கொடுத்தீர்கள். பிணை."

ராஜாவுக்கு உதடு துடித்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, இது எப்படி ஆளைத் திருப்பிக் கொண்டுவரும் என்று கேட்டார்.

"அங்கமுத்து சிறைக்குப் போனதிலிருந்து இது ஓர் இலைகூடத் தின்னவில்லை. அவர் ஊரைவிட்டு ஓடினால் இது பட்டினியில் சாகும். அது அவருக்குத் தெரியும். இதைவிடக் கெட்டியாக அவரைக் கட்டி இழுக்கிற பிணை எந்தக் கடையில் இருக்கிறது? கூலியும் ஒரு பிடி கீரைதான்."

மைத்துனனின் பிழைப்பு போகிறதே என்று தாண்டவராயர் துள்ளி எழுந்தார். மான் ராஜாவின் சொத்து, ராஜாவின் சொத்தை ராஜாவிடமே பிணையாக வைப்பது பெரிய மோசடி, வைத்தவனைச் சிறையில் தள்ள வேண்டும் என்று முழங்கினார். ராஜாவும் நியாயம்தான் என்று தலையாட்டினார்.

ஆதிமூலம் இதற்காகத்தான் காத்திருந்தார். "ராஜாவின் சொத்தை ராஜாவிடமே பிணை வைப்பது மோசடி என்று மகாராஜா ஒப்புக்கொண்டதைச் சபை கேட்டது. இனி வயிரவன் கடைப் பையைக் கொண்டுவரச் சொல்லுங்கள்."

பை வந்தது. கூடவே வயிரவனும் வந்தான். முடிச்சைப் பார்த்ததும் ராஜாவின் முகம் கறுத்தது. வயிரவன், "அத்தான்தான் எடுத்துக் குடுத்தார்" என்று உளறிவிட்டான்.

"என் மானை என் கண்ணெதிரே வைத்தான் ஆதிமூலம். என் பணத்தை என் கண்ணுக்குத் தெரியாமல் வைத்தீர் நீர்" என்றார் ராஜா. இருவரையும் காவலர் சூழ்ந்தார்கள். வயிரவன் பிடுங்கிய வீடுகளை எல்லாம் உரியவர்களிடம் கொடுக்க உத்தரவானது. மானையே பிணையாக ராஜா ஏற்றுக்கொள்ள, அங்கமுத்துவை விடுவித்து அழைத்து வந்தார்கள். அவர் கையிலிருந்து கீரையை மான் ஆசை ஆசையாகத் தின்றது. மனிதர் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதே விட்டார்.

தாண்டவராயருக்கு அப்போதுதான் தன் நிலைமை உறைத்தது. நீதிபதி காசியிலிருந்து வரும்வரை சிறையில் கிடக்க வேண்டும். ஆதிமூலத்தின் பக்கம் மெல்லச் சாய்ந்து, "எனக்கும் ஒரு பிணைக்கு வழி பண்ணப்பா" என்றார்.

"அதற்கென்ன, இங்கேயே நிற்கிறது. கேட்டுப் பாருங்கள்" என்று ஆதிமூலம் அவர் கையில் ஒரு பிடி கீரையைத் திணித்தார்.

தாண்டவராயர் பல்லை இளித்துக்கொண்டு கீரையை நீட்டினார். மான் மோந்து பார்த்தது. பிறகு நிதானமாகத் திரும்பி, அவருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டது.

"மகாராஜா, பிணை மறுத்துவிட்டது" என்றார் ஆதிமூலம்.

ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தார். தன் கழுத்து மாலையைக் கழற்றி ஆதிமூலத்துக்குப் போட்டுவிட்டு, "வாக்கியத்தில் ஒரு பிழையும் இல்லை" என்றார்.