தாத்தா மறைத்து நின்ற கார்

நொச்சிக்குளத்தில் அறிவாளியே கிடையாது என்று சொன்னால் அது அபாண்டம். ஒருவர் இருந்தார். ஊருக்கு பஸ் வந்த அன்றைக்கே ஏறிப் போய்விட்டார். மிச்சம் இருந்தவர்களில் கொஞ்சம் விவரமானவர் என்று ஊரே கைகாட்டுவது கொம்பையாவைத்தான். மற்றவர்கள் எப்படி என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

கொம்பையாவின் மகள் பேச்சிக்கனிக்குத் தரகர் மூலமாக நல்ல இடம் ஒன்று வந்தது. மாப்பிள்ளையின் அப்பா சங்கரபாண்டியன் முப்பது வருஷம் வண்டிகளைச் சோதித்துப் பார்க்கிற பிரேக் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய கார் என்றால் அவருக்கு உயிர். பெண் பார்க்க வந்த இடத்தில் பஜ்ஜியைக்கூடத் தொடாமல் காரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். கொம்பையாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. தன் தாத்தாவும் அந்தக் காலத்திலேயே கார் வைத்திருந்ததாகவும், காரோடு அவர் நிற்கிற போட்டோ டிரங்குப் பெட்டிக்குள் இருப்பதாகவும் சொல்லிவிட்டார்.

"என்ன கார்?" என்று கேட்டார் சங்கரபாண்டியன்.

கொம்பையா பஜ்ஜித் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

"வெள்ளிக்கிழமை வாரேன். அதுக்குள்ள என்ன வண்டின்னு விசாரிச்சு வையுங்க. சொல்லத் தெரியலேன்னா புளுகுனதுன்னு அர்த்தம். புளுகுற வீட்டுல நான் பொண்ணு எடுக்க மாட்டேன்."

பேச்சிக்கனிக்கு அந்த மாப்பிள்ளையை ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. அவள் அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். அன்றிலிருந்து கொம்பையாவுக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை. பெற்ற மகளின் வாழ்க்கையைத் தன் வாயே கெடுத்துவிட்டதே என்று நிஜமாகவே வேதனைப்பட்டார்.

தம்பி வேலாண்டியையும் மச்சினன் ஆவுடையப்பனையும் கூப்பிட்டு ஆலோசனை நடந்தது. போட்டோவில் தலைப்பாகையும் கோட்டுமாகத் தாத்தா நின்றார். அவருக்குப் பின்னால் கார் நின்றது. அதற்கு மேல் மூவருக்கும் எதுவும் புலப்படவில்லை. தென்காசியில் பழைய வண்டிகளை ரிப்பேர் பார்க்கிற நல்லபெருமாள் என்ற மெக்கானிக்குக்குப் போன் போட்டார்கள்.

வண்டியின் பின்பக்கம் எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொன்னால் பாதி கண்டுபிடித்துவிடலாம் என்றார் மெக்கானிக். கொம்பையா போட்டோவைத் திருப்பினார். பின்னால் வெறும் அட்டை.

"பின்பக்கமே இல்லையே அத்தான்," என்றான் ஆவுடையப்பன். "களவு போயிருக்குமோ?"

வேலாண்டி தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தான். "இல்ல. தாத்தா கையில இருந்த காசுக்கு முன்பக்கம் மட்டுந்தான் வாங்க முடிஞ்சிருக்கும்."

இது எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. பின்பக்கம் மஞ்சளாக, தட்டையாக, ஒரு மூலையில் பூச்சி அரித்து இருப்பதாக மெக்கானிக்குக்குத் தகவல் போயிற்று. அவர் படத்தை நன்றாகப் பெரிசாக்கிப் பார்க்கச் சொன்னார்.

எவ்வளவு பெரிசு என்று அவர் சொல்லவில்லை. கார் எவ்வளவு பெரிசோ அவ்வளவு பெரிசு என்று ஆவுடையப்பன் முடிவுகட்டினான். ஃப்ளெக்ஸ் கடைக்காரர் காதுகுத்தா, கண்ணீர் அஞ்சலியா என்று விசாரித்தார். கார் என்றார் கொம்பையா. பதினைந்தடி நீளத்துக்குப் படம் அடித்துக் கொடுத்த கடைக்காரர், கைப்பழக்கத்தில் மேலே 'வருக வருக' என்றும் போட்டுவிட்டார். அவ்வளவு நீளம் கொண்டது வீட்டின் தெருப்பக்கச் சுவர் ஒன்றுதான். அதிலேயே கட்டித் தொங்கவிட்டார்கள். வழியில் போன டிராக்டர் ஒன்று ஹாரன் அடித்துக் காத்து நின்று, வண்டி ஒதுங்காததால் வந்த வழியே திரும்பிப் போயிற்று.

அடுத்தபடியாக நம்பர் பிளேட்டைப் பற்றிக் கேட்டார் மெக்கானிக்.

"அத தாத்தா மறைச்சுக்கிட்டு நிக்காரு," என்றார் கொம்பையா.

"அப்போ அவரு விலகினாத்தான் உண்டு," என்று சலித்துக்கொண்டு போனை வைத்தார் அவர்.

பெரியவர் விஷயமாயிற்றே, மரியாதையாகத்தான் அணுகினார்கள். தேங்காய் உடைத்துச் சூடம் காட்டினார்கள். கொம்பையா கையைக் கட்டிக்கொண்டு, "தாத்தா, ரெண்டடி தள்ளி நில்லுங்க. கொள்ளுப்பேத்தி கல்யாண விஷயம்," என்று கேட்டுக்கொண்டார். மத்தியானம் வரை காத்திருந்தார்கள். தாத்தா அசையவில்லை. அவருக்குக் காது மந்தம் என்று அப்பா சொன்னதாகக் கொம்பையாவுக்கு ஞாபகம். காது மந்தமெல்லாம் இல்லை, வீம்பு என்றான் வேலாண்டி. கத்தரிக்கோலையும் கையோடு கொண்டுவந்திருந்தான்.

காதில் பட்டுவிடாமல், மீசை கலையாமல், ஓரம் பிடித்துத் தாத்தாவை வெட்டி எடுத்தார்கள். இவ்வளவு நாள் நின்றவர் என்பதால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்து, மின்விசிறியும் போட்டுவிட்டார்கள்.

தாத்தா நின்ற இடத்தில் ஆள் உயரத்துக்கு ஓட்டை. ஓட்டைக்குள் வீட்டுச் சுவர். சுவரில் பெயிண்டில் 4/37 என்று எழுதியிருந்தது.

"நம்பர் கிடைச்சிருச்சு," என்றார் கொம்பையா.

"நம்ம வீட்டு நம்பரும் இதேதானே அத்தான்?" என்றான் ஆவுடையப்பன்.

வீட்டு நம்பரும் வண்டி நம்பரும் ஒன்றாக இருக்கிறதென்றால் வண்டி இந்த வீட்டு வண்டிதான், இனி எவனும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று. நம்பரைச் சொன்ன பிறகு மெக்கானிக் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். வேலை முடிந்துவிட்டது, இனி எதற்கு எடுக்க வேண்டும் என்று கொம்பையா அவரைப் பாராட்டினார்.

வெள்ளிக்கிழமை சங்கரபாண்டியன் வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வண்டியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தார். பிறகு குனிந்து கீழ்மூலையை உற்றுப் பார்த்தார்.

"இது காரே இல்லே. ஸ்டூடியோவுல பலகையில வரஞ்சு வச்ச படம். வரஞ்சவன் பேரே இருக்கு பாருங்க, குமரன் ஆர்ட்ஸ்னு."

வாசல் கதவுக்குப் பின்னால் பேச்சிக்கனி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் பக்கம் திரும்பவே கொம்பையாவுக்குத் தைரியம் வரவில்லை.

வேலாண்டிதான் முன்னால் வந்தான். "அப்போ குமரன் ஆர்ட்ஸ் கம்பெனி வண்டி. கேட்டதுக்குப் பதில் கிடைச்சாச்சு இல்லையா?"

கம்பெனிப் பெயர் சொன்னது சரிதான் என்று ஒத்துக்கொண்ட சங்கரபாண்டியன், பழைய பழக்கத்தில் வண்டியைச் சோதிக்க ஆரம்பித்தார்.

"இது எப்பவாவது எதுலயாவது மோதியிருக்கா?"

"இதுவரைக்கும் இல்லே," என்றார் கொம்பையா.

"புகை?"

"தாத்தா சுருட்டு பிடிப்பாரு. வண்டி பிடிச்சு நாங்க பாத்ததில்லே."

சங்கரபாண்டியன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "எத்தனையோ ஆயிரம் வண்டி பாத்தாச்சு சம்மந்தி. மோதாத, புகை கக்காத வண்டிய இன்னைக்குத்தான் பாக்கேன். ஒரே குறை, பிரேக் இல்லே. மேட்டுல நிறுத்தும்போது மட்டும் சூதானமா இருக்கணும்."

தரகரை லேசாக நினைத்துவிடக் கூடாது. இரண்டு குடும்பத்துக்கும் எல்லாப் பொருத்தமும் பார்த்துத்தான் கொண்டுவந்திருக்கிறார். மாப்பிள்ளை அழைப்புக்கு இந்த வண்டிதான் வர வேண்டும் என்று அங்கேயே பேசி முடித்து, வெற்றிலைபாக்கு மாற்றிக்கொண்டார்கள்.

கல்யாணத்தன்று காலையில் இரண்டு சவுக்குக் கம்பில் வண்டியைக் கட்டி ஆறு பேர் தூக்கினார்கள். ஓட்டைக்குள் பட்டு வேட்டியோடு மாப்பிள்ளை. முன்னால் நாதஸ்வரம், மேளம். ஓரமாக நடந்த ஆவுடையப்பன், திருப்பம் வரும்போதெல்லாம் கையை நீட்டிச் சைகை காட்டினான். ஊர்வலம் மண்டபத்துக்கு ஒழுங்காக வந்து சேர்ந்தது. ஆனால் மண்டபம் இருந்தது மேட்டில்.

முகூர்த்த நேரம் நெருங்கியும் மணவறையில் மாப்பிள்ளையைக் காணோம். ஐயர் அவசரப்படுத்தினார். கொம்பையா வெளியே ஓடினார். தூக்கி வந்தவர்கள் வாசலில் ஊன்றிவிட்டுப் போன வண்டியிலேயே மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார்.

"எறங்குங்க மாப்ள, நேரமாச்சு."

"எப்படி மாமா எறங்க? பிரேக் இல்லாத வண்டி. நான் எறங்குனா உருண்டுரும். கீழ சனமெல்லாம் நிக்கு."

வேலாண்டி சக்கரத்துக்குக் கீழே இரண்டு கல்லை முட்டுக் கொடுத்தான். சங்கரபாண்டியன் அவற்றைப் பரிசோதித்து, போதாது என்று தலையாட்டிவிட்டார். வேறு வழியில்லாமல் ஐயரும் அக்கினியும் வாசலுக்கு வந்தார்கள். பேச்சிக்கனியையும் அதே ஓட்டைக்குள் நெருக்கி நிறுத்தினார்கள். கெட்டிமேளம் முழங்க, மாப்பிள்ளை தாலி கட்டினார்.

ஊரே அட்சதை தூவிற்று. ஒற்றை மகள் கழுத்தில் தாலி ஏறியதைக் கொம்பையா மட்டும் பார்க்கவில்லை. ஃப்ளெக்ஸுக்குப் பின்னால் பல்லைக் கடித்துக்கொண்டு, வண்டி உருண்டுவிடாமல் தோள் கொடுத்துத் தாங்கிக்கொண்டிருந்தார்.