ஞானப்பூவின் சங்கிலி ஜெபம்

ஆத்தங்கரைக் குடிசைகளில் வெள்ளம் புகுந்த காலையில், கிறிஸ்தவக் கோயிலில் மணியடிக்கும் ஞானப்பூ யாரையும் கேட்காமல் கோயில் கதவைத் திறந்துவிட்டாள். ஊரைக் கூட்டிப் பெருக்கும் பதினாறு குடும்பங்கள் நனைந்த பாயும் பிள்ளைகளுமாக உள்ளே வந்து உட்கார்ந்தன.

மத்தியானம் குடையோடு வந்தார் சபை மூப்பர் வேதமாணிக்கம். அவர் வந்தால் பெஞ்சுகூட எழுந்து நிற்கும்.

"ஏட்டி, இதென்ன சத்திரமா? ஜெபம் நடக்கையிலதான் கோயில் திறந்திருக்கணும், முடிஞ்சதும் பூட்டணும். நான் போட்ட சட்டம் மறந்துபோச்சா?"

"மறக்குமா ஐயா? அதான் காலையிலேயே சங்கிலி ஜெபம் ஆரம்பிச்சாச்சு. மணிக்கு ஒரு ஆள், விட்டுப்போகாம."

பீடத்தின் முன்னால் ஒரு துப்புரவுக்காரர் முழங்காலில் நின்று, தனக்குத் தெரிந்த வார்த்தைகளில் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"அடுத்து யாரு?"

"ஐயாதான். கடைசி ஆளும் ஐயாதான். நீங்க ஆமென் சொன்னதும் நீங்களே பூட்டிருங்க." சாவியை அவர் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

ஒரு நிமிஷ வேலை என்று மூப்பர் முழங்கால் போட்டார். "ஆண்டவரே, வீடில்லாதவர்களுக்கு அடைக்கலம் தாரும்…" ஞாயிறுதோறும் சொல்கிற ஜெபம்தான். அன்றைக்கு அதற்குமேல் நாக்கு நகரவில்லை. குளிரில் நடுங்கிய ஒரு குழந்தை அவர் தோளில் கிடந்த துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அவர் மேலேயே சாய்ந்து தூங்கிப்போனது.

மழை மூன்று நாள் விடவில்லை. மூப்பர் வீட்டிலிருந்து அண்டா அண்டாவாகக் கஞ்சி வந்தது. ஆமென் மட்டும் வரவே இல்லை.