பஸ் ஏறிப்போன மூன்று போன்கள்

செவல்குளம் இளம் எழுத்தாளர் மன்றத்தில் உறுப்பினர்கள் மூன்று பேர். மன்றம் தொடங்கிய பதினான்கு மாதங்களில் நாற்பத்தேழு கூட்டங்கள் நடந்திருக்கின்றன. ஒவ்வொரு கூட்டத்திலும் 'எழுத வேண்டும்' என்று தீர்மானம் போட்டார்கள். எல்லாமே ஒருமனதாக நிறைவேறின. கதை மட்டும் ஒன்றும் எழுதப்படவில்லை.

தலைவர் இசக்கிராஜா. செயலாளர் ஜெபராணி. பொருளாளர் கொம்பையா, அவன் பொறுப்பில் இருந்தது அறைச் சாவி ஒன்றுதான். அறை, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்தது.

இந்த மன்றத்துக்குத்தான் திருநெல்வேலிப் பத்திரிகை ஒன்றின் ஞாயிறு மலர் ஆசிரியர் நல்லபெருமாள் இரண்டு பக்கம் ஒதுக்கினார். ஏன் ஒதுக்கினார் என்பது பிற்பாடு அவருக்கே விளங்கவில்லை. மூவரும் சேர்ந்து ஒரு கதை எழுத வேண்டும். அது சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் வந்து சேர வேண்டும். இல்லையென்றால் அந்த இரண்டு பக்கத்திலும் போர்வெல் விளம்பரம்.

ஆண்கள் இருவருக்கும் இது மானப் பிரச்சினை. ஜெபராணிக்கு அதைவிடப் பெரியது. அவள் அப்பா சூசை தெளிவாகச் சொல்லியிருந்தார்: "ஞாயித்துக்கெழம பேப்பர்ல ஒம் பேரு வரட்டும், நீ காலம்பூரா எழுது, நான் ஒண்ணும் சொல்லல. வரலன்னா திங்கக்கெழம காலைல சித்தப்பா தீப்பெட்டி ஆபீஸ்ல லேபிள் ஒட்டப் போயிரணும்." சூசை சொன்ன சொல் மாறுகிறவர் அல்ல.

புதன்கிழமை காலை கதை தொடங்கியது. 'அவன் திரும்பி வந்தான்' என்று தலைப்பிட்டு, கீழே மூன்று பெயர்களையும் எழுதி, இசக்கி முதல் வரியையும் எழுதினான்: "அன்று மழை பெய்துகொண்டிருந்தது."

"என்னைக்கு?" என்று கேட்டான் கொம்பையா.

"போன ஐப்பசியில."

"போன ஐப்பசியில மழை பெஞ்சுதா? வாசகன் கேட்டா என்ன பதில் சொல்லுவ?"

நியாயமான கேள்வி. மூவரும் போனை எடுத்துத் தேடினார்கள். ஐப்பசி மழையிலிருந்து வெள்ளம் புகுந்த ஒரு வீட்டுக்குப் போனார்கள். அந்த வீட்டில் பாம்பு பிடிக்க வந்தவரிடம் போனார்கள். பாம்பு பிடிப்பவர் மீன் குழம்பும் வைப்பாராம், அதைப் பார்த்தார்கள். பிறகு கரண்டியால் சாப்பிடும் நாய். தலைநிமிர்ந்தபோது மாலை ஆறு. மழை பெய்ததா என்பது தெரியாமலே போயிற்று.

ஆறே காலுக்கு நல்லபெருமாள் கூப்பிட்டார். "எவ்வளவு ஆச்சு?"

"ஒரு வரி சார். அதுவும் சந்தேகத்துல இருக்கு."

"மொதல்ல போனைக் கைக்கெட்டாத தூரத்துல வைங்கப்பா!" என்று கத்திவிட்டு வைத்தார்.

இந்த உத்தரவைப் பற்றி வியாழன் காலை அவசரக் கூட்டம் நடந்தது.

"கைக்கெட்டாத தூரம்னா யாரு கைக்கு?" என்று கேட்டாள் ஜெபராணி.

மன்றத்தில் நீளமான கை கொம்பையாவுடையது. அதையே அளவாக ஏற்றுக்கொண்டார்கள். போன்களை அலமாரி உச்சியில் வைத்தார்கள். கொம்பையா குதிகாலைத் தூக்கி எடுத்துக் கொடுத்தான்.

"கீழ ஜெராக்ஸ் கடையில வைப்போமா?"

"பதினெட்டுப் படி எறங்குனா கை எட்டிருமே."

"எங்க அத்தை வீட்டுல?"

"மேலத்தெருதான? நடந்து போனா எட்டிரும்."

இசக்கி நெடுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "ஒரே எடத்துல இருக்கிற பொருளு எதுவா இருந்தாலும், நடந்து போனா என்னைக்காவது கைக்கு எட்டத்தான் செய்யும்."

"அப்ப ஒரே எடத்துல இருக்காத எடமாப் பாத்து வைக்கணும்" என்றாள் ஜெபராணி.

மூவரும் ஒரே நேரத்தில் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். எதிரே சங்கரன்கோவில் பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது.

கண்டக்டர் வைகுண்டம் நல்ல மனிதர். மூன்று போனையும் மஞ்சள் பையில் போட்டு டிரைவர் முதுகுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார். அவசரம் என்றால் பார்த்துக்கொள்ளட்டும் என்று பாஸ்வேர்டையும் அவரிடம் சொல்லிவைத்தார்கள். பஸ் போயிற்று. மூவரும் நிம்மதியாக எழுத உட்கார்ந்தார்கள்.

இரண்டு மணி நேரத்தில் பஸ் திரும்பி வந்தது. இதை அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

"கைக்கெட்டுற தூரத்துக்கு வந்துட்டுல்லா!" என்று பதறி ஓடினார்கள், எட்டுகிறதா என்று பார்க்க.

"இசக்கி, ஒனக்கு நாப்பது மெசேஜு" என்றார் வைகுண்டம். "ஜெபா, ஒங்க மாமா மவன் பைக் பக்கத்துல நின்னு போட்டோ போட்டிருக்கான். கொண்டுபோயி எல்லாருக்கும் காமிச்சேன். பதினேழு பேருக்குப் பிடிச்சிருக்கு. மூணு பேரு சிரிச்சாங்க. குருவிகுளத்துல ஏறுன ஒரு அம்மா, பைக் அவனுதுதானான்னு கேக்காக."

"அவனுது இல்லன்னு சொல்லிருங்கண்ணே" என்றாள் ஜெபராணி.

அன்று பஸ் ஐந்து முறை வந்தது. ஐந்து முறையும் மன்றம் முழுமையாக இறங்கிப்போய் விசாரித்தது. இடைப்பட்ட நேரத்தில் பஸ் வருகிறதா என்று ஜன்னலில் நின்றார்கள். எழுதியது பூஜ்யம். ஆனால் போனைத் தொடவே இல்லை என்பதில் மூவருக்கும் பெரிய திருப்தி.

வெள்ளிக்கிழமை பத்து மணி பஸ்ஸில் வைகுண்டம் ஒரு சேதி கொண்டுவந்தார். ஜன்னலுக்குக் கீழே நின்று சத்தம் போட்டார்.

"ஒங்க ஆசிரியர் போன் பண்ணாருடே! பேசுறது யாருன்னு கேட்டாரு. கண்டக்டர்னேன். 'கண்டக்டரா?'ன்னு மூணு தடவ கேட்டாரு. அப்புறம் ரெண்டு விசயம் சொன்னாரு. ஒண்ணு, எழுதி முடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் உக்காந்த எடத்தை விட்டு எந்திரிக்கக் கூடாதாம். ரெண்டு, எழுதுனப்புறம் படிச்சுப் பாத்து, இது இல்லாட்டியும் கதை ஓடும்னு தோணுற வரியை எல்லாம் வெட்டிரணுமாம்!"

மூவரும் அந்த நொடியே உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த பிறகுதான், தாளும் பேனாவும் எதிர்ச் சுவர் ஓரம் மேசையில் இருப்பது தெரிந்தது.

"எந்திரிச்சுப் போயி எடுத்துட்டு வா" என்றான் இசக்கி.

"முடிக்காம எப்படி எந்திரிக்கது?"

"எழுதாம எப்படி முடிக்கது?"

மதியம் வரை இந்த விவாதம் நடந்தது. கடைசியில் ஜெபராணி, "எந்திரிக்கத்தான கூடாது? உருளக் கூடாதுன்னு சொல்லலையே" என்றாள். கொம்பையா உருண்டுபோய் மேசைக் காலை ஆட்டினான். தாள் விழுந்தது, பேனா விழுந்தது, தண்ணீர்ச் செம்பும் விழுந்தது. பேனா அவனைவிட வேகமாக உருண்டு வாசல் வரை போனது. அவனும் தொடர்ந்து போனான்.

அதன்பின் நடந்ததுதான் வியப்பு. போன் இல்லை, ஜன்னலுக்கு எழுந்து போக வழியில்லை. வேறு வேலையே இல்லாததால் அவர்கள் எழுதினார்கள். சனிக்கிழமை மதியம் நான்கு பக்கம் முடிந்திருந்தது. சண்முகவேல் என்பவன் பன்னிரண்டு வருடம் கழித்து மழைநாளில் ஊர் திரும்புகிறான். பேச மறுக்கும் அண்ணன், தூர்ந்துபோன கிணறு, கடைசியில் ஒரு சொம்புத் தண்ணீர். உள்ளதைச் சொல்ல வேண்டும்: கதை நன்றாகவே இருந்தது.

மூன்று மணிக்கு வெட்டத் தொடங்கினார்கள்.

"மழை இல்லாட்டி கதை ஓடுமா?" என்றான் இசக்கி.

"ஓடும். வெயில்லயும்தான் ஊருக்கு வாராங்க" என்றான் கொம்பையா. மழை போயிற்று.

"கிணறு?"

"தூந்துபோன கிணறு. இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

"அண்ணன்?"

"அவன்தான் பேசவே மாட்டேங்கானே. வெட்டு."

"சண்முகவேல்?"

இங்கே கொஞ்சம் தயங்கினார்கள். பிறகு கொம்பையா சொன்னான்: "அண்ணனும் இல்ல, கிணறும் இல்ல. இவன் மட்டும் யாரைப் பாக்க வாரான்? அவனே தேவையில்லாம அலையுதான்."

நாலே முக்காலுக்குத் தாளில் தலைப்பும் மூன்று பெயர்களும் மட்டும் மிஞ்சின.

"கதையவே காணமே" என்றாள் ஜெபராணி மெதுவாக.

"தேவையில்லாததுதான் போயிருக்கு. மிச்சம் இருக்கது பூரா தேவையானது" என்றான் இசக்கி.

"நம்ம பேரு இல்லாட்டியும் கதை ஓடும்லா?" என்று பேனாவைத் தூக்கினான் கொம்பையா.

ஜெபராணி அவன் கையைப் பிடித்தாள். "எம் பேர்ல கைய வச்சேன்னா, திங்கக்கெழம லேபிள் ஒட்ட ஒன்னையும் இழுத்துட்டுப் போயிருவேன்!"

நாலு ஐம்பதுக்கு பஸ் வந்தது. மஞ்சள் பையிலிருந்து போனை எடுத்து, வைகுண்டம் தாளை விரித்துப் பிடிக்க, பஸ் படியில் நின்று படமெடுத்து அனுப்பினாள் ஜெபராணி. மணி நாலு ஐம்பத்தேழு.

அந்நேரம் நல்லபெருமாள் தம் மேசையில் போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஓடிய வீடியோவில் யாரோ ஒருவர் துருப்பிடித்த அரிவாள் ஒன்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அரை மணி நேரமாகப் பார்க்கிறார். அரிவாள் பளபளக்க இன்னும் மூன்று நிமிடம் இருந்தது. கதை வந்த சத்தம் கேட்டது. திறந்து பார்க்காமலே, கம்ப்யூட்டரில் பக்கம் கட்டுகிறவருக்குத் தள்ளிவிட்டு, "ரெண்டு பக்கத்துக்கு அப்படியே போடு. ஒரு எழுத்து மாத்தாத" என்றார்.

பக்கம் கட்டுகிறவர் ஒரு எழுத்தும் மாற்றவில்லை.

ஞாயிறு காலை சூசை மலரை விரித்தார். மேலே கொட்டை எழுத்தில் 'அவன் திரும்பி வந்தான்'. கீழே மூன்று பெயர்கள், நடுவில் ஜெபராணி. அதற்குக் கீழே இரண்டு பக்கமும் வெள்ளை வெளேர் என்று இருந்தது. ஜெபராணி கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப்பார்த்தாள்.

சூசை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். முதல் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார். இரண்டாம் பக்கத்தையும் அப்படியே பார்த்தார். ஒரு இடத்தில் விரலை வைத்துக்கொண்டு காபி குடித்தார், பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். முடித்ததும் பேப்பரை மடித்து வைத்தார்.

"நீ தீப்பெட்டி ஆபீஸுக்குப் போக வேண்டாம்மா" என்றார். "வந்தவன் யாருன்னு கடைசி வரைக்கும் சொல்லாம கொண்டுபோயிருக்கீங்க பாரு, அது பெரிய கெட்டிக்காரத்தனம். ரெண்டாவது பக்கந்தான் கொஞ்சம் இழுத்துட்டீங்க."