குகைக்குள் வந்த அடுப்பு

சடையன் கரடி பானைக்குள் மூக்கை விட்டுப் பார்த்தது. ஒரு குமிழிகூட இல்லை!

"போச்சு! இந்த மார்கழிக் குளிர் என் ஊறலைக் கெடுத்துட்டுது!" என்று தலையில் அடித்துக்கொண்டது.

காய்ந்த இலுப்பைப் பூவையும் தேனையும் தண்ணீரில் காய்ச்சி, ஆற வைத்துப் புளிக்க விடுவதுதான் அந்த ஊறல். வெயில் காலத்தில் பாறைமேல் வைத்த பானை தானாகவே நுரைத்து வரும். இப்போதோ பாறையில் கால் வைத்தாலே விறைக்கிறது. தை பிறந்ததும் மச்சான் விருந்துக்கு வருவான். "போன தடவை வெறும் தண்ணியைக் கொடுத்தீங்களே மாமா!" என்று காடெல்லாம் சொல்லிச் சிரித்தவன் அவன்.

"எல்லாத்தையும் குகைக்குள்ள கொண்டுபோகப் போறேன்!" என்றது சடையன்.

அதன் பெண்டாட்டி மூக்காயி, கறையான் தேடிப் புற்றுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. பொழுது விடிந்தும் குட்டிகள் இரண்டும் குகைக்குள் சுருண்டு படுத்திருந்தன.

"பானையைக் கொண்டுபோங்க. வைக்கோலைச் சுத்தி ஒரு மூலையில வைங்க. அடுப்பு மட்டும் வெளியவே இருக்கட்டும்!"

"அடுப்பில்லாம எப்படிடி சூடாகும்?"

"வெதுவெதுன்னு இருந்தாப் போதாதா? பிள்ளைங்க தூங்குற இடத்துல நெருப்பா வைப்பாங்க?"

"சரி, சரி! நீ கிளம்பு!"

கல்யாணமான நாளிலிருந்து மூக்காயி இந்தச் 'சரி, சரி'யைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அப்படிச் சொன்னால் கேட்கப் போவதில்லை என்று அதற்குத் தெரியும். ஆனால் பிள்ளைகளின் பசிக்கு யார் பதில் சொல்வது? முணுமுணுத்துக்கொண்டே போயிற்று.

அது மறைந்ததும் சடையன் காட்டோரம் ஓடியது. கரி சுடுகிறவர்கள் விட்டுப்போன கரிக்கங்குகளை ஓர் உடைந்த சட்டியில் அள்ளி வந்து, குகை நடுவில் கொட்டி, அதன்மேல் பானையை ஏற்றியது.

குகைக் கூரையில் தொங்கிய வௌவால் கண் விழித்தது. "அண்ணே! உள்ளே நெருப்பு வேணாம் அண்ணே! புகை அடைச்சுக்கும்!"

"புகை எங்கே இருக்கு? காட்டு பார்ப்போம்! விறகுன்னாத்தான் புகையும். இது கரிக்கங்கு!"

கொஞ்ச நேரம் போயிற்று.

"எனக்குத் தலை சுத்துது அண்ணே!"

"தலைகீழாத் தொங்கினா சுத்தாம என்ன செய்யும்!"

சடையன் விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்துக்கொண்டே, குளிர்காற்று நுழைகிறதென்று கூரை விரிசலில் புல்லை அடைத்தது. பிறகு வாசலை மூட உள்ளிருந்தபடியே கல்லைப் புரட்டத் தொடங்கியது. கல் மூடுவதற்குள் வௌவால் தட்டுத்தடுமாறி வெளியே பறந்துவிட்டது.

நேராகப் போய்ப் புற்றடியில் விழுந்தது. "அக்கா! அண்ணன் அடுப்பை உள்ளே வச்சுட்டாரு! விரிசலையும் வாசலையும் அடைச்சாச்சு! பிள்ளைங்க உள்ளேதான் இருக்குதுங்க!"

மூக்காயி வாயிலிருந்த கறையானைத் துப்பிவிட்டு ஓடியது. வாசல் கல்லை ஓங்கி அறைந்தது.

"திறங்க!"

"குளிர்... உள்ளே... வந்துரும்..." சடையனின் குரல் குழறியது.

"பிள்ளைங்களைக் கூப்பிடுங்க!"

"நல்லாத் தூங்குதுங்க... எழுப்பாதே..."

மூக்காயி கல்லில் காதை வைத்துக் கேட்டது. அம்மாவின் குரல் கேட்டதும் முதுகில் ஏறிக்கொள்ள முட்டிமோதி ஓடிவரும் பிள்ளைகள்! இன்று ஒரு முனகல்கூட இல்லை. இருந்த பலத்தையெல்லாம் சேர்த்துத் தோளால் இடித்தது. கல் உருண்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்து, இரண்டு பிள்ளைகளையும் பிடரியில் கவ்வி ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் போட்டது. பனியில் கிடத்தி முகத்தை நக்கியது.

மூத்தது தும்மியது. இளையது அசையவில்லை.

"கண்ணைத் திறடி தங்கம்! உன்னைத்தானே!" உலுக்கியது. நெஞ்சைத் தேய்த்தது. மறுபடியும் உலுக்கியது.

"அம்மா... குளிருது," என்றது இளையது.

"குளிரட்டும்டி! நல்லாக் குளிரட்டும்!" என்று மூக்காயி அதை வாரி அணைத்துக்கொண்டு அழுதது.

அதற்குள் சடையன் தவழ்ந்து தவழ்ந்து வெளியே வந்து, வாந்தி எடுத்துவிட்டு, மெல்லக் கேட்டது: "ஊறல் பொங்கிச்சா?"

"அட, உங்களை என்னதான் செய்யிறது! உள்ளே பானை பத்திரமாத்தான் இருக்கு! பிள்ளைங்க உயிரோட இருக்குதுங்களான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

சடையன் அப்போதுதான் பிள்ளைகளைப் பார்த்தது. இளையதன் கால் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. தலை தெளிந்ததும் சடையன் உள்ளே போய், ஒரு கங்கு மிச்சமில்லாமல் வெளியே வாரிக்கொட்டித் தண்ணீரை ஊற்றியது. விரிசலில் அடைத்த புல்லைத் தானே பிடுங்கி எறிந்தது.

அந்தக் குளிர்காலம் முழுக்க அது வெளியே பாறையில் நடுங்கிக்கொண்டே காய்ச்சியது. ஆறிய பானையை மட்டும் உள்ளே கொண்டுவந்து, வைக்கோல் சுற்றி, காற்றுப் போக வழி விட்டு ஓர் இலையால் மூடியது. ஊறல் மெதுவாகத்தான் பொங்கியது. "இன்னும் ஆகலையா?" என்று மூக்காயி கேட்டால், "ஆகும்போது ஆகட்டும்!" என்று பிள்ளைகளின் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டது.

கண்ணுக்குத் தெரிகிற புகைக்கு மட்டும் பயந்தால் போதாது. அடைத்த வீட்டுக்குள் எரிகிற நெருப்பு, புகையே இல்லாவிட்டாலும் உயிரைக் குடித்துவிடும்.