வலிக்கலையே?

விளையாட்டு வீரர்களின் காயங்களைக் குணப்படுத்தும் மையம் அது. பூங்கோதை அங்கே பயிற்சி மாணவி. ஒரு காலத்தில் ஈட்டி எறிந்தவள். தோள் போனதால் மாநில அணித் தேர்வு கைநழுவி, நெடுநாள் கழித்து இந்தப் படிப்புக்கு வந்தாள். அவளுக்கு மேற்பார்வையாளர் நஸ்ரீன். வயதில் இளையவர்தான். பூங்கோதை நோயாளியைப் பார்க்கும்போது சுவரோரமாக நிற்பார். குறுக்கே பேச மாட்டார்.

அன்று வைரமணி வந்திருந்தாள். கபடி ஆடுகிறவள். இடது முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து மாதங்கள் ஓடிவிட்டன. ஞாயிற்றுக்கிழமை மாவட்ட அணித் தேர்வு.

பூங்கோதை ஒற்றைக்காலில் உட்கார்ந்து எழச் சொன்னாள்.

“வலிக்கலையே?”

“இல்லக்கா.”

குதிக்கச் சொன்னாள்.

“வலிக்கலையே?”

“இல்லவே இல்லக்கா.”

பூங்கோதையின் முகம் மலர்ந்துவிட்டது.

“மேடம், வைரமணி ஞாயிற்றுக்கிழமை ஆடலாம்.”

“அப்படியா?” என்றார் நஸ்ரீன். “வாங்க, வெளியே போவோம்.”

பின்புறம் கபடிக் கோடு போட்ட ஒரு மண் மைதானம். நஸ்ரீன் செருப்பைக் கழற்றிவிட்டு, கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றார்.

“பாடி வா, வைரமணி. என்னைத் தொட்டுட்டுப் போ.”

வைரமணி சிரித்துக்கொண்டே பாடி வந்தாள். எட்டித் தொட்டாள். நஸ்ரீன் சட்டென்று பாய்ந்தார். தப்பித்துத் திரும்ப வேண்டிய இடத்தில் வைரமணி இடது காலை ஊன்றவில்லை. வலது காலிலேயே தத்தித் தத்திச் சுற்றினாள். நஸ்ரீன் அவள் தோளை மெல்லப் பிடித்துக்கொண்டார்.

யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வைரமணி மண்ணில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள்.

“திரும்பும்போது மட்டுந்தான்க்கா. உள்ளே ஏதோ நழுவுற மாதிரி, சுரீர்னு...”

பூங்கோதைக்கு அப்போதுதான் உறைத்தது. தன் பேச்சைக் கேட்டு இவள் ஞாயிற்றுக்கிழமை களத்தில் இறங்கியிருந்தால்?

“இந்தத் தடவை வேண்டாம்மா” என்று பூங்கோதையே சொல்ல வேண்டியிருந்தது. சொன்னாள். வைரமணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

உள்ளே வந்ததும் பூங்கோதை பொருமினாள்.

“ஒவ்வொரு தடவையும் கேட்டேனே, மேடம்! நீங்களும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? இப்படி மறைச்சிட்டாளே. மறைக்கிறவங்ககிட்ட நாம என்னதான் கேக்கிறது?”

நஸ்ரீன் பூங்கோதையின் வலது கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். நாள் முழுக்க அடுத்தவர் தசைகளை அழுத்திப் பிடித்த கை. கட்டைவிரலின் அடிமூட்டு லேசாக வீங்கியிருந்தது. அந்த இடத்தில் விரல் வைத்து அழுத்தினார். அன்பாகச் சிரித்தபடியே கேட்டார்.

“வலிக்கலையே?”

“இல்ல, மேடம்.”

சொல்லி முடித்த பிறகுதான் பூங்கோதையின் கண்ணில் நீர் முட்டியது. கையை இழுத்துக்கொள்ளவும் தோன்றாமல் அப்படியே நின்றாள்.

நஸ்ரீன் பிடியைத் தளர்த்தினார்.

“நீங்க கேட்ட மாதிரியேதான் நானும் கேட்டேன்” என்றார்.

பூங்கோதை கையை விடுவித்துக்கொண்டாள். வெளியே போய், இன்னும் மண்ணிலேயே இருந்த வைரமணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.