வேகவைத்த மண்

ஆசிரமத் தோட்டத்தில் செண்பகவல்லி அம்மாள் களை எடுத்துக்கொண்டிருந்தார். நல்லபெருமாள் பெட்டியோடு வந்து நின்றார். அம்மாளின் சீடர்தான், ஆனால் வயதில் குருவுக்கு மூத்தவர்.

“ஊருக்குப் போறேன் அம்மா.”

“என்ன ஆச்சு?”

“அண்ணன் நினைப்பு ஒண்ணுகூட மிச்சமில்லாம மனசைத் தொடச்சு வச்சிருந்தேன். நேத்து யாரோ அவர் பேரைச் சொன்னாங்க. பழைய கோபம் அப்படியே வந்து உக்காந்திருச்சு. இந்த வழி எனக்குச் சரிப்படாது.”

“ஊர்க்காரங்க கத்தரி நாற்று கேட்டிருக்காங்க. அதை வளர்த்துக் கொடுத்துட்டுப் போங்க. கொட்டகையில ஈரச் சாக்கு போட்டு எரு மூடி வச்சிருக்கேன். மண்ணோட கலந்து விதைக்கணும்.”

நல்லபெருமாள் சாக்கைத் தூக்கிப் பார்த்தார். எரு முழுக்கப் பச்சைப் பூஞ்சை. கெட்டுப்போனதை அம்மாள் கவனிக்கவில்லை போலும் என்று நினைத்தார். குழி வெட்டிப் புதைத்தார். எதற்கும் இருக்கட்டும் என்று பாத்திக்கான மண்ணையும் அண்டாவில் போட்டு ஆவியில் வேகவைத்தார். ஆறிய பிறகு விதைத்தார்.

விதை சீராக முளைத்தது. பார்க்கப் பார்க்க அவருக்கே பெருமையாக இருந்தது. பிறகு ஒரு காலையில் போய்ப் பார்த்தால், அடித்தண்டு அழுகி, நாற்றுகள் கொத்துக்கொத்தாகச் சாய்ந்து கிடந்தன.

அம்மாளை அழைத்துவந்து காட்டினார். அவர் ஒரு நாற்றை எடுத்து வேரைப் பார்த்தார்.

“எருவைக் கலக்கலையா?”

“பூஞ்சை பிடிச்சிருந்துச்சு. புதைச்சிட்டேன். மண்ணையும் வேகவச்சுத்தான் போட்டேன்.”

“மண்ணுக்கு எண்ணெய் தேய்ச்சு விடலையா?” அம்மாள் சிரித்தார். “அந்தப் பச்சையை நான்தான் எருவுல வளர்த்தேன். நாற்றை அழுக வைக்கிற பூஞ்சை வந்தா, அதை இந்தப் பச்சை பிடிச்சுத் தின்னுரும்.”

நல்லபெருமாளின் முகம் சுருங்கியது.

“தெரியாமப் போச்சு. ஆனா வெந்த மண்ணுல நோய் எப்படி வந்துச்சு? நான் ஒண்ணையும் மிச்சம் வைக்கலையே.”

“ஊத்தின தண்ணியில வந்திருக்கும். உங்க கால்ல ஒட்டிட்டு வந்திருக்கும். அது எப்பவும் வரும். உள்ள தடுக்க ஆளில்லை.”

செத்த நாற்றுகளை அம்மாள் பிடுங்கி ஓரமாகப் போட்டார்.

“சின்ன வயசுல உங்களுக்கு நீச்சல் பழக்கினது யாரு?”

நல்லபெருமாள் பாத்தி ஓரத்தில் உட்கார்ந்தார்.

“அண்ணன்தான். தோட்டத்துக் கிணத்துல. என் இடுப்புல அவர் வேட்டியைக் கட்டி, மறுமுனையை விடாமப் பிடிச்சிட்டு மேல நிப்பார்.”

“அதையுமா தொடச்சீங்க?”